பாரிசுக்கு வெளியே ஓடப் போவோமா?



"உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று வைத்தியர் சொன்னால் எம்மவர்கள் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். எங்கே, எப்போது, எவ்வளவு என்று திருப்பிக் கேட்பவர்கள் குறைவு. அதற்குக் காரணமும் உண்டு. பாரிசின் வடக்குப் புறநகரில் ஏழாம் மாடியில் குடியிருந்து, இரவு ஒரு மணிக்கு உணவக வேலை முடித்து, இரவுப் பேருந்தில் வீடு வந்து சேரும் ஒருவருக்கு "ஓடுங்கள்" என்ற ஆலோசனை வேறு யாருக்கோ சொல்லப்பட்டதாகவே தோன்றும். ஆகவே இம்முறை நோய்களைப் பற்றிக் கொஞ்சம் குறைத்து, ஓடக்கூடிய பாதைகளைப் பற்றிக் கொஞ்சம் கூட்டி எழுதுகிறேன்.

பாரிசிலிருந்து எந்தத் திசையில் தொடருந்து ஏறினாலும் முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் கோதுமை வயல்களுக்குப் பக்கத்தில் இறங்கிவிடலாம். இருபது வருடமாக இந்த நாட்டில் வாழ்ந்தும் வீடு, வேலைத்தளம், லாச்சப்பல் கடைத்தெரு, அட்டை புதுப்பிக்கும் பிரெபெக்தூர், பிள்ளைகளுக்காக ஒருமுறை டிஸ்னிலாண்ட் என்ற ஐந்து இடங்களுக்கு அப்பால் போகாத குடும்பங்களை எனக்குத் தெரியும். நவிகோ மாத அட்டை வைத்திருப்பவர் சனி, ஞாயிறு நாட்களில் இல்-து-பிரான்ஸ் மாநிலம் முழுவதும் மேலதிகக் கட்டணம் இல்லாமல் போய்வரலாம். வேலைக்காக ஏற்கனவே கட்டிய காசு அது. அந்த இரண்டு நாளும் அட்டை சும்மா சட்டைப்பைக்குள் கிடக்கிறது.

மலையுமில்லை, தட்டையுமில்லை

இந்த நிலத்தின் அமைப்பை ஒருமுறை விளங்கிக்கொண்டால் எந்த ஊரில் இறங்கினாலும் பாதை பிடிபட்டுவிடும். பாரிசைச் சுற்றியுள்ள நிலம் பெரும்பாலும் அடுக்கடுக்கான படிவுப் பாறை. அதில் சுண்ணக்கல் அதிகம். எங்கள் குடாநாடும் சுண்ணக்கல்தான், ஆனால் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அங்கே இல்லை, அதனால் நிலம் தட்டையாகவே கிடக்கிறது. இங்கே செய்ன், உவாஸ், மார்ன் என்ற பெரிய ஆறுகளும் அவற்றுக்கு வந்து சேரும் சின்னச் சின்ன ஆறுகளும் அந்தப் பாறையை அறுத்துப் பள்ளத்தாக்குகளை உண்டாக்கியிருக்கின்றன. மேலே வண்டல் படிந்த சமதரை, அதில் கோதுமையும் கொல்சாவும். சரிவில் காடு. கீழே ஆறு, கிராமம், தொடருந்து நிலையம். கீழிருந்து மேலே ஏற ஐம்பது முதல் நூறு மீற்றர் உயரம் இருக்கும். ஏறினால் மேலே சில கிலோமீற்றர் தட்டையாக ஓடலாம், பிறகு அடுத்த ஆற்றுக்கு இறங்கலாம். இதுதான் இங்குள்ள பெரும்பாலான பாதைகளின் சுருக்கம்.

வைத்தியராக எனக்கு இந்த மேடுகளில் பிடித்தது ஒன்று உண்டு. தட்டையான பாதையில் ஒருவர் ஒரே வேகத்தில் ஓடினால் இதயமும் ஒரே அளவில் வேலை செய்யும். மேட்டில் ஏறும்போது இதயம் கூடுதலாக வேலை செய்கிறது, இறக்கத்தில் ஆறுகிறது, மறுபடி ஏறுகிறது. விளையாட்டுப் பயிற்றுநர்கள் மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு விட்டுவிட்டுச் செய்விக்கும் கடினப் பயிற்சியை இந்த நிலம் தானாகவே செய்விக்கிறது. ஏற்றத்தில் பாதம் நிலத்தில் அடிக்கும் வேகமும் குறைவு, எனவே முழங்காலுக்கு அது தட்டையைவிட மென்மையானது. சிக்கல் இறக்கத்தில்தான். இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை நீண்டபடியே பாரத்தைத் தாங்குகிறது. அதனால்தான் ஞாயிறு ஓடியவருக்குத் திங்கள், செவ்வாயில் படியிறங்க முடியாமல் தொடை நோகிறது. பயப்பட வேண்டாம், இரண்டு மூன்று நாளில் போய்விடும். இறக்கத்தில் எட்டி வைக்காமல் சிறு அடிகளாக வைத்து ஓடிப் பழகினால் அடுத்த முறை பாதிதான் நோகும். "ஓடினால் முழங்கால் தேய்ந்துவிடும்" என்று பலர் என்னிடம் சொல்கிறார்கள். அளவோடு ஓடும் சாதாரண மனிதருக்கு அப்படித் தேய்வதில்லை. முழங்காலைத் தேய்ப்பது உடல் நிறை.

வாய்வு என்று நினைத்தது

52 நாடுகளில் நடத்தப்பட்ட இன்டர்ஹார்ட் ஆய்வின் தெற்காசியர் பற்றிய முடிவுகள் 2007இல் வெளியாகின. முதலாவது மாரடைப்பு வந்தவர்களின் சராசரி வயது மற்ற நாட்டவர்களில் ஏறத்தாழ 59, எம்மவர்களில் 53. ஆறு வருட வித்தியாசம். உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவும் 2004இல், ஆசியர்களுக்கு உடல் நிறைச் சுட்டி 25 வரை காத்திருக்கத் தேவையில்லை, 23 ஆனவுடனேயே கவனம் வேண்டும் என்று சொன்னது. கண்ணாடியில் மெலிவாகத் தெரிந்தாலும் வயிற்றைச் சுற்றி அளந்து பாருங்கள். ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றர், அதற்கு மேலே போனால் எமது இனத்தவருக்கு அது சீனி வருத்தத்துக்கும் மாரடைப்புக்கும் ஆன வாசல்.

எமது சங்கத்து நண்பர்கள் சிலருடன் நான் மாதம் ஒருமுறை வெளியே ஓடப் போவதுண்டு. அதில் நாற்பத்தாறு வயதான சமையலாளர் ஒருவர் சேர்ந்துகொண்டார். கால்வாய்க் கரையில் ஓடும்போது அவருக்கு ஒன்றும் இல்லை. மேட்டில் ஏறும்போது மட்டும் தொண்டைக்குக் கீழே ஓர் இறுக்கம், நின்றால் இரண்டு நிமிடத்தில் போய்விடும். அவர் அதை வாய்வு என்றே நம்பினார். மூன்று கிழமையாக ஓமத் தண்ணீர் குடித்திருக்கிறார், இரவுச் சாப்பாட்டில் பருப்பை நிறுத்தியிருக்கிறார். திங்கட்கிழமை எனது சிகிச்சை நிலையத்துக்கு வந்தது காய்ச்சலோடு இருந்த மகனைக் காட்ட, போகிற போக்கில்தான் இதைச் சொன்னார். படுக்க வைத்து எடுத்த இதயத் துடிப்பு வரைபடம் சுத்தமாக இருந்தது. அது அப்படித்தான் இருக்கும், படுத்திருக்கும் இதயத்துக்கு என்ன கஷ்டம்? இதய நிபுணரிடம் அனுப்பி, மிதிவண்டியில் வைத்துச் சோதித்தபோது வரைபடம் மாறியது. இதயத்துக்குப் போகும் குழாய் ஒன்று பெரிதும் ஒடுங்கியிருந்தது. வலைக்குழாய் வைத்தார்கள். நான்கு மாதம் கழித்து அதே மேட்டில் எனக்கு முன்னால் ஏறிப் போய் நின்று, "டொக்டர் மெதுவா வாங்கோ" என்றார்.

ஏற்றத்தில் வந்து, நின்றால் போகும் எதையும் வாய்வு என்று எண்ணாதீர்கள். அது நெஞ்சில் மட்டுமல்ல, தாடையில், தொண்டையில், இடது கையில், முதுகின் நடுவில், மேல்வயிற்றிலும் வரலாம். பெண்களுக்கும் நீண்டகால நீரிழிவு உள்ளவர்களுக்கும் நோவே இல்லாமல் இளைப்பும் வியர்வையும் களைப்பும் மட்டும் வருவதுண்டு. நின்றும் போகவில்லை என்றால் 15ஐ அழையுங்கள். பிரெஞ்சு தடுமாறினாலும் பரவாயில்லை, ஊரின் பெயரையும் நெஞ்சு என்ற சொல்லையும் சொன்னால் போதும், மீதியை அவர்கள் கேட்பார்கள். நடந்து நிலையத்துக்குப் போய் வீட்டுக்கு வந்து பார்ப்போம் என்று எண்ண வேண்டாம்.

நாற்பது வயதைத் தாண்டியவர்கள், அதிலும் சீனி, இரத்த அழுத்தம், கொழுப்பு, புகைத்தல் இவற்றில் ஒன்று உள்ளவர்கள், தகப்பனுக்கோ சகோதரருக்கோ இள வயதில் மாரடைப்பு வந்தவர்கள் ஓடத் தொடங்க முன்னர் தங்கள் குடும்ப வைத்தியரிடம் போங்கள். போய் "உடம்பு செக் பண்ண வேணும்" என்று பொதுவாகச் சொல்லாமல், "நான் மேட்டில் ஓடப் போகிறேன்" என்று சொல்லுங்கள். கேள்வி தெளிவாக இருந்தால் பதிலும் தெளிவாக வரும். இந்த நாட்டில் 2017 மார்ச் மாதம் முதல் நீண்டகால நோயாளருக்கு வைத்தியர் உடற்பயிற்சியையே மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம். செலவைப் பொதுவாகக் காப்புறுதி தருவதில்லை, ஆனால் சில நகரசபைகளும் துணைக் காப்புறுதிகளும் ஒரு பங்கைத் தருகின்றன. கேட்டுப் பாருங்கள்.

எங்கே தொடங்குவது

முதல் இரண்டு மாதம் ஊருக்குள்ளேயே. பொபினி, பொந்தி, செவ்றான் பக்கம் இருப்பவர்களுக்கு ஊர்க் கால்வாய்க் கரை இருக்கிறது. பாரிசுக்குத் தண்ணீர் கொண்டுவர நெப்போலியன் 1802இல் வெட்டக் கட்டளையிட்ட கால்வாய் அது. மேடே இல்லை. ஒரு நிமிடம் மெதுவாக ஓடி இரண்டு நிமிடம் நடந்து, இதைப் பத்துத் தடவை. கிழமைக்கு மூன்று நாள். பக்கத்தில் வருபவருடன் முழு வசனமாகக் கதைக்க முடியும் வேகம்தான் சரியான வேகம். பாட முடிந்தால் மிக மெதுவு, ஒற்றைச் சொல்லாகத்தான் வருகிறதென்றால் மிக வேகம். மணிக்கூடு வாங்கத் தேவையில்லை. அதிலும் இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா புளொக்கர் வகைக் குளிசை எடுப்பவர்களுக்கு மணிக்கூடு காட்டும் துடிப்பு இலக்கம் பொருந்தாது.

அடுத்தபடி லா கூர்னேவ் பூங்கா. இப்போது ஜோர்ஜ் வல்போன் பூங்கா என்று பெயர், எம்மவர்கள் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். 400 ஹெக்டயருக்கு மேற்பட்ட இடம். மண் கொட்டி உருவாக்கிய மேடுகள் உள்ளே இருக்கின்றன. கோடையில் எம்மவர்கள் கிரிக்கெட் விளையாடி, ஆட்டிறைச்சி வாட்டிச் சாப்பிடும் அதே இடத்தில் மேடு ஏறப் பழகலாம். ஏறும்போது நடவுங்கள், மேலே போய் ஓடுங்கள். மேட்டில் நடப்பது வெட்கமில்லை, நீண்ட தூரம் ஓடும் பிரெஞ்சுக்காரர்களே செங்குத்தில் நடக்கிறார்கள்.

ஷெவ்றூஸ் பள்ளத்தாக்கு

வெளியே போக நான் முதலில் சொல்வது இதைத்தான். ஆர்.ஈ.ஆர். பி வழித்தடத்தின் தெற்குக் கடைசி நிலையங்களில் ஒன்றான சென் றெமி லே ஷெவ்றூஸ். கார் து நோர் நிலையத்தில் ஏறி அப்படியே உட்கார்ந்திருந்தால் போதும், மாறி ஏறத் தேவையில்லை. ஏறும் வண்டி சென் றெமி வரை போகிறதா என்று மட்டும் பலகையில் பாருங்கள், பாதியில் திரும்புவதும் உண்டு. 1985இல் இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பகுதி இது.

நிலையத்திலிருந்து இவெத் என்ற சிற்றாற்றின் பள்ளத்தாக்கு வழியாக ஷெவ்றூஸ் ஊருக்கு ஏறக்குறையத் தட்டையான பாதை. உடம்பு சூடேற இது நல்லது. ஊருக்குள் ஆற்றின் வாய்க்கால் ஓரமாக வீட்டுக்கு வீடு சின்னச் சின்னப் பாலங்கள் இருக்கின்றன. முன்பு தோல் பதனிட்டவர்களும் துணி வெளுத்தவர்களும் வேலை செய்த இடம். பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். அதைக் கடந்தால் மேலே காட்டுக்குள் மத்லேன் கோட்டை தெரியும். அந்த ஏற்றம்தான் அன்றைய பாடம். நடந்தே ஏறுங்கள், மேலே நின்று மூச்சை ஆற்றிக்கொண்டு கீழே ஊரைப் பாருங்கள், சிறு அடிகளாக இறங்குங்கள். நிலையத்திலிருந்து போய்வர ஆறு, ஏழு கிலோமீற்றர். முதல் தடவைக்கு இது தாராளம்.

பழகியவர்கள் கோட்டையிலிருந்து போர் றுவாயால் மடத்தின் இடிபாடுகள் வரை போகும் பாதையைத் தொடரலாம். 17ஆம் நூற்றாண்டின் நாடக ஆசிரியர் ரசீன் பெயரில் உள்ள பாதை. அவர் இளைஞராக இருந்தபோது இந்தக் கோட்டையில் நடந்த திருத்த வேலைகளை மேற்பார்வை செய்தவர். வழியில் அவருடைய வரிகளைப் பலகைகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சுப் பாடசாலையில் படிக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் அவர்கள் எங்களுக்கு விளக்கம் சொல்வார்கள். அதுவும் ஒரு சந்தோஷம். போய்த் திரும்பி நிலையம் வரும்போது அரை மரதன் தூரத்துக்குக் கிட்ட வந்துவிடும், எனவே ஆறு மாதப் பயிற்சி இல்லாதவர்களுக்கு வேண்டாம்.

ஓவேர், வெக்சான் வயல்கள்

வடமேற்கே வெக்சான். 1995இல் இதுவும் இயற்கைப் பூங்காவானது. ஷெவ்றூஸ் காடு என்றால் வெக்சான் வானம். எல்லையில்லாத கோதுமை, நடுவில் ஒரு தேவாலயக் கோபுரம். நுழைவாயிலாக ஓவேர் சூர் உவாஸ் என்ற ஊரைச் சொல்வேன். கார் து நோர் நிலையத்தில் எச் வழித்தடத்தில் ஏறி இடையில் ஒருமுறை மாற வேண்டும். ஓவியர் வான்கோ 1890 மே 20இல் இங்கு வந்து, யூலை 29இல் இங்கேயே இறந்தார். எழுபது நாளில் எழுபதுக்கும் மேற்பட்ட ஓவியங்கள். அவரைக் கவனித்துக்கொண்ட வைத்தியர் கஷேயின் உருவப்படம் ஒன்று 1990இல் 82.5 மில்லியன் டொலருக்கு ஏலம் போனது. நோயாளியிடம் சம்பளத்துக்குப் பதில் படம் வாங்கும் வழக்கம் எங்கள் தொழிலில் ஏன் நின்றுபோனது என்று நான் சில வேளை யோசிப்பதுண்டு.

நிலையத்திலிருந்து சில நிமிடத்தில் அவர் வரைந்த தேவாலயம். அதன் பக்கத்தால் ஏறினால் மேலே கல்லறைத் தோட்டம், உள்ளே சுவரோரமாக ஐவிக் கொடி மூடிய இரண்டு கல்லறைகள், அண்ணனும் தம்பியும். அதைத் தாண்டினால் வயல். உவாஸ் ஆற்றிலிருந்து இங்கே வர ஐம்பது, அறுபது மீற்றர் ஏறியிருப்போம். பிறகு வயல் நடுவே வண்டிப்பாதைகள், தட்டையாக, நாலாபக்கமும். வழி தவறினாலும் கோபுரம் தெரியும். மேற்கே போய் சப்பொன்வால் நிலையத்துக்கு இறங்கினால் திரும்பி ஓவேருக்கு வராமலே வண்டி பிடிக்கலாம், நான்கைந்து கிலோமீற்றர். மழைக்குப் பிறகு இந்த மண் சப்பாத்தில் ஒட்டினால் ஒவ்வொரு காலும் ஒரு கிலோ. அன்றைக்கு ஓட்டத்தை மறந்துவிட்டு நடந்துவிட்டு வாருங்கள்.

சார்செல், வில்லியே லு பெல் பக்கம் உள்ளவர்களுக்கு மொன்மொரன்சி காடு கிட்ட, சுமார் 2000 ஹெக்டயர். அண்மைக் காலமாக அங்குள்ள கஸ்தான் மரங்கள் வேர் நோயால் பட்டுப்போவதால் சில இடங்களில் வெட்டுகிறார்கள், மூடிய பாதைக்குள் போக வேண்டாம். கிழக்கே கிறாந் மொறான் ஆற்றோரம் கிறெசி லா சப்பல் ஊரும் நல்லது, எஸ்ப்ளியில் மாறிப் போகலாம்.

பாதைக் குறிகள் எல்லா இடமும் ஒன்றுதான். மரத்திலோ கல்லிலோ வெள்ளை சிவப்புக் கோடு என்றால் நீண்டதூரப் பாதை, மஞ்சள் கோடு என்றால் உள்ளூர்ச் சுற்று. கோடுகள் பெருக்கல் அடையாளமாக இருந்தால் அந்த வழி இல்லை, திரும்புங்கள். தேசிய நிலவியல் நிறுவனத்தின் நீல அட்டை வரைபடத்தில் 1 சென்ரிமீற்றர் என்பது 250 மீற்றர். உயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் மேடு செங்குத்து. தொலைபேசியில் பார்த்தாலும் இதே வரைபடம்தான். தண்ணீர் தீர்ந்தால் கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தில் பெரும்பாலும் குழாய் உண்டு, குடிக்கக் கூடாதது என்று பலகை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சுடலைத் தண்ணீர் குடிப்பதா என்று எங்கள் குழுவில் ஒருவர் இன்றைக்கும் மறுக்கிறார். அவருக்கு இரண்டு போத்தல் சுமக்கிற பலம் இருக்கிறது, விட்டுவிட்டோம்.

சத்தமும் வேறு சில விடயங்களும்

செப்டெம்பர் பிற்பகுதியிலிருந்து பெப்ரவரி முடிவு வரை வேட்டைக் காலம். ஞாயிறு காலையில் காட்டோரத்தில் துவக்குச் சத்தம் கேட்கும். மஞ்சள் அல்லது செம்மஞ்சள் மேலங்கி போடுங்கள், வேட்டை நடப்பதாகப் பலகை வைத்திருந்தால் அந்தப் பாதையை விடுங்கள். இது எல்லோருக்கும் சொல்வது. எம்மவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். விதைப்புக் காலத்தில் பறவைகளை விரட்ட வயலில் வாயுவால் வெடிக்கும் குழாய்களை வைக்கிறார்கள். சில நிமிடத்துக்கு ஒருமுறை, தொலைவில், ஒரே ஒரு பெரிய சத்தம். வெக்சான் வயலில் அந்தச் சத்தம் கேட்டவுடன் எங்களில் ஒருவர் வாய்க்காலுக்குள் குப்புறப் படுத்துவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் தாங்களும் ஏறக்குறையப் படுக்கப் போனதாகப் பிறகு சொன்னார்கள். எங்கள் தலைமுறைக்கு ஓட்டம் என்ற சொல்லே அந்தச் சத்தத்தோடுதான் வந்தது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது ஓடக்கூட இடமிருக்கவில்லை, அடி அடியாக நகர்ந்தோம்.

ஒரு சத்தத்தில் உடம்பு அப்படித் திடுக்கிடுவது பைத்தியமில்லை, கோழைத்தனமுமில்லை. ஆனால் அன்றிரவும் அடுத்த இரவும் நித்திரை இல்லை, கனவு வருகிறது, கோபம் வருகிறது, குடித்தால்தான் படுக்க முடிகிறது என்றால் அதற்கு வைத்தியம் உண்டு. பாரிசில் 1995 முதல் இயங்கும் பிரிமோ லெவி நிலையம் போரிலும் சித்திரவதையிலும் பாதிக்கப்பட்ட அகதிகளுக்காகவே உள்ளது. நாட்டில் பல இடங்களில் மன அதிர்ச்சிக்கான சிகிச்சை நிலையங்களும் இருக்கின்றன. உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். தொடர்ந்து ஓடுபவர்களுக்கு நித்திரையும் மனமும் சீராவதை நான் பார்த்திருக்கிறேன், ஆயினும் ஓட்டம் மட்டும் போதும் என்று சொல்ல மாட்டேன். சத்தம் தாங்காதவர்கள் குளிர்காலத்தில் கால்வாய்க் கரையோடு நின்றுகொள்ளலாம்.

அடுத்தது உண்ணி. காட்டோரப் புல்லில் இருக்கும், கடித்தால் நோகாது. வீட்டுக்கு வந்து குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, கவட்டு, அக்குள், பிள்ளைகளுக்குத் தலைமயிருக்குள் பாருங்கள். எண்ணெய் பூசாதீர்கள், சுடாதீர்கள். மருந்துக்கடையில் சிறிய கொக்கி விற்கிறார்கள், அதை மாட்டிச் சுழற்றி எடுங்கள். கடித்து 3 முதல் 30 நாளுக்குள் அந்த இடத்தைச் சுற்றி வட்டமாகப் பரவும் தடிப்பு வந்தால் லைம் நோயாக இருக்கலாம். புத்தகங்களில் சிவப்பு வளையம் என்று போட்டிருப்பார்கள். எங்கள் தோலில் அது சிவப்பாகத் தெரியாது, கருமையாக, கண்டல் போலத் தெரியலாம். அதனால் தவறிவிடுகிறது. கடித்த திகதியை எழுதி வையுங்கள், வைத்தியரிடம் அந்த இடத்தைக் காட்டுங்கள். ஆரம்பத்தில் நுண்ணுயிர்க் கொல்லிக் குளிசையோடு மாறிவிடும்.

நீரிழிவுக்காரர்களுக்கு. மெற்போமின் மட்டும் எடுப்பவருக்கு ஓடும்போது சீனி ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. இன்சுலின் போடுபவர்களும் கிளிக்கிளசைட், கிளிமெப்பிரைட் போன்ற குளிசை எடுப்பவர்களும் வேறு. ஓட முன்னர் குத்திப் பாருங்கள், 0.90 கிராமுக்குக் குறைவு என்றால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள். சட்டைப்பையில் எப்போதும் சீனிக்கட்டி. கை நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் வந்தால் உடனே நின்று மூன்று கட்டி, பதினைந்து நிமிடத்தில் மறுபடி பாருங்கள். சீனி சிலவேளை அன்றிரவும் இறங்கும், தனியாகப் படுப்பவர்கள் கவனம். பாதங்களில் உணர்ச்சி குறைந்தவர்கள் சப்பாத்துக்குள் கல் இருந்தாலும் அறிய மாட்டார்கள், திரும்பி வந்ததும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும்.

வெயிலைப் பற்றி ஒரு வரி. நாங்கள் வெயில் நாட்டில் பிறந்தவர்கள் என்ற பெருமை 35 பாகையில் உதவாது. 2003 ஓகஸ்டில் இந்த நாட்டில் ஏறத்தாழ 15,000 பேர் வெப்ப அலையில் இறந்தார்கள். யூலை, ஓகஸ்டில் காலை எட்டு மணிக்கு முன் ஓடி முடியுங்கள்.

இடுப்புப் பட்டியில் தொலைபேசி, கார்த் வித்தால், எடுக்கும் மருந்துகளின் பட்டியல். வதிவிட அட்டையின் மூலப் பிரதியையும் பொலித்தீன் பையில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள், வெளிநாட்டவர் அதைக் கேட்கும்போது காட்ட வேண்டும் என்பது சட்டம். காட்டில் கறுத்த மனிதன் ஓடினால் பிடித்துவிடுவார்களோ என்று ஒருவர் கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை. கிராமத்தில் எதிரே வருபவருக்கு முதலில் நாங்கள் "போன்ஜூர்" சொல்லிவிட வேண்டும். பத்தில் ஒன்பது பேர் திருப்பிச் சொல்வார்கள், பத்தாவது ஆளின் நாய் வாலாட்டும்.

சகோதரிகளுக்கு

எங்கள் குழுவில் பெண்கள் குறைவு. நேரமில்லை என்பார்கள், ஊர் என்ன சொல்லும் என்பார்கள். கதவை மூடிவிட்டுக் கதைத்தால் வேறு காரணம் வரும். ஓடினால், தும்மினால், படி இறங்கினால் சிறுநீர் கசிகிறது. இதைப் புருஷனிடமே சொல்லாதவர்கள் பலர். பிள்ளை பெற்றபின் இடுப்படித் தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சியை இந்த நாட்டில் வைத்தியர் எழுதிக் கொடுப்பது வழக்கம், மருத்துவிச்சியோ உடற்பயிற்சிச் சிகிச்சையாளரோ செய்விப்பார்கள், காப்புறுதி பொறுப்பேற்கும். வந்த புதிதில் பாஷை தெரியாமல், அந்தச் சீட்டு என்னவென்று விளங்காமல் விட்டவர்கள் ஏராளம். பத்து, பதினைந்து வருடம் போயிருந்தாலும் இப்போதும் செய்யலாம், பலருக்கு நன்றாகக் குணமாகிறது. அதை முடித்துவிட்டு ஓட வாருங்கள். கூடவே இரும்புச்சத்தையும் தைரொயிட்டையும் ஒருமுறை பரிசோதித்தால் "எனக்கு ஏலாது" என்பதில் பாதி சோம்பல் அல்ல, இரத்தச்சோகை என்று தெரியவரும்.

போட்டியில் ஓட விரும்பும் இளைஞர்களுக்குப் பாரிஸ்-வெர்சாய் ஓட்டம் இருக்கிறது. வழமையாகச் செப்டெம்பர் கடைசியில், 16 கிலோமீற்றர், நடுவில் கார்த் மேடு. முன்பு இதற்கு வைத்தியச் சான்றிதழ் கேட்டு எங்களிடம் வருவார்கள். இப்போது பெரியவர்கள் பிரெஞ்சு தடகளச் சம்மேளனத்தின் இணையத்தில் சுகாதார விளக்கங்களைப் பார்த்துப் பதிவு செய்தால் போதும். போதும் என்பது சட்டத்துக்கு. நாற்பதைத் தாண்டியவர்கள் மேலே சொன்னபடி வைத்தியரையும் பாருங்கள்.

ஏப்ரல் கடைசியில் கொல்சா பூத்து வெக்சான் முழுவதும் மஞ்சளாக இருக்கும், ஆஸ்துமா உள்ளவர்கள் மூச்சுக்குழாய் மருந்தைக் கையில் வைத்திருங்கள். யூலையில் ஓவேர் வயலில் கோதுமை முற்றிவிடும், அறுவடை இயந்திரம் வரும் நாளில் தூசி தாங்காது. ஒக்ரோபர் ஷெவ்றூஸ் காட்டுக்கு உரிய மாதம். எமது குழு மாதத்தின் முதலாவது ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கார் து நோரில், ஆர்.ஈ.ஆர். பி படிக்கட்டடியில் கூடும். அடுத்த முறை கோட்டை மேடு வரைதான், ஏறும்போது எல்லோரும் நடப்போம். சோற்றுப் பொதி வேண்டாம், ஆளுக்கொரு வாழைப்பழமும் தண்ணீரும் போதும். இஞ்சித் தேநீர் நான் கொண்டு வருகிறேன்.